மேகம் மறைத்த வெள்ளி: புதுச்சேரிக்கு வந்த வானியலார் லெ ழான்தியின் வாழ்க்கை

புதுச்சேரியில் வாழ்வோருள் பாரதி பூங்காவைக் காணாதவர் இரார். கதிர்காமத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் நம்மவர் அப்பூங்காவின் நிழலில் சற்று இளைப்பாறிவிட்டே கடற்காற்று வாங்கச் செல்வர். பூங்காவும் அதனைச் சூழ்ந்த அரசுக் கட்டடங்களும் இன்று அமைந்துள்ள பகுதியில் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் பெருங்கோட்டை ஓங்கி நின்றது. 1761-ஆம் ஆண்டில் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். ஏழாண்டுகள் கழித்து, அந்த இடிபாட்டின்மீது ஒரு சிறிய வானாய்வுக் கூடம் எழுந்தது. ஒரே ஒரு காலைப் பொழுதுக்காக அக்கூடத்தில் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தவர் கியோம் லெ ழான்தி என்னும் பிரெஞ்சு வானியலார். அவர் காத்திருந்த காட்சி அவருக்குக் கிட்டவில்லை.

பகவான் மகாவீரரைப் போற்றும் திருவிழா மலரில் இப்படியொரு பிரெஞ்சுக்காரரின் வரலாறு எதற்கு என அன்பர்கள் வினவலாம். அறிவியலின் முடிவுகளை நாம் நாள்தோறும் துய்க்கிறோம். அம்முடிவுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அரிதாகவே எண்ணிப் பார்க்கிறோம். ஓர் உண்மையை அறிய எத்தனை பேர் உழைக்க வேண்டும், கண்டதைக் கண்டவாறு சொல்வது எத்துணை அரிது, காண இயலாதபோது ஓர் அறிஞன் செய்யத்தக்கது யாது என்னும் வினாக்களுக்கு நம் ஊரிலேயே நிகழ்ந்த விடையாக லெ ழான்தியின் வாழ்க்கை விளங்குகிறது. நம் சமயம் உலகுக்கு வழங்கிய அநேகாந்தக் கொள்கைக்கும் அவ்விடைக்கும் உள்ள உறவு இக்கட்டுரையின் இறுதியில் புலப்படும்.

இளமையும் கல்வியும்

பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் உள்ள கூத்தான்ஸ் என்னும் ஊரில் 1725-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் லெ ழான்தி பிறந்தார். குருத்துவப் பணியில் சேரும் எண்ணத்துடன் பாரிசு நகருக்குச் சென்று இறையியல் பயின்றார். அங்குத் தெலில் என்னும் வானியல் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்றது அவர் வாழ்வின் திசையை மாற்றியது. இறையியலை விடுத்துப் பாரிசு வானாய்வு நிலையத்தில் சேர்ந்தார். விண்மீன் கூட்டங்களையும் மங்கலான ஒளித் திட்டுகளையும் தேடுவதில் வல்லவரானார். ஆண்ட்ரோமீடா அண்டத்தின் துணையாக விளங்கும் சிறிய அண்டத்தை 1749-இல் முதன்முதலாகக் கண்டறிந்தவர் அவரே. 1753-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது 28.

சூரியனின் தொலைவு என்னும் புதிர்

அக்கால வானியலாரை ஒரு வினா வாட்டிக்கொண்டிருந்தது. கெப்ளர் வகுத்த விதிகளால் கோள்கள் சூரியனிலிருந்து எந்த விகிதத்தில் விலகி நிற்கின்றன என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவற்றுள் ஒன்றன் தொலைவேனும் கல், காதம் என்னும் நம் அளவையில் உறுதியாகத் தெரியவில்லை. படம் கையில் இருந்தது. அப்படத்தின் ஓர் அங்குலம் எத்தனை காதத்துக்குச் சமம் என்பது மட்டும் எழுதப்படவில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றவை யாவும் தாமே கிடைத்துவிடும்.

ஆங்கிலேய வானியலார் எட்மண்ட் ஹாலி இதற்கொரு வழியைச் சொல்லிச் சென்றார். நாம் விடிவெள்ளி எனக் காணும் வெள்ளிக் கோள் மிக அரிதாகச் சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வந்து, சூரிய வட்டத்தின்மீது ஒரு கரும்புள்ளி போல ஊர்ந்து செல்லும். இதனைச் சூரியக் கடப்பு எனலாம். எட்டாண்டு இடைவெளியில் இரு கடப்புகள் நிகழும். பிறகு நூறாண்டுகளுக்கு மேல் ஒன்றும் நிகழாது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பின்பு மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறியதுபோல் தோன்றும் அன்றோ? அதுபோல, பூமியின் வெவ்வேறு இடங்களில் நின்று பார்ப்போர்க்கு வெள்ளி சூரியனின்மீது வெவ்வேறு பாதையில் செல்வதாகத் தோன்றும். அவ்வேறுபாட்டை நொடி பிசகாமல் அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். இங்கே இரு கண்களாக அமைவன பூமியின் இரு கோடிகள். எத்துணை அறிவுடையவராயினும் ஓரிடத்தில் நிற்கும் ஒருவர் இவ்வுண்மையைத் தனித்து அறிய இயலாது.

ஹாலி 1742-இல் மறைந்தார். அவர் சுட்டிய கடப்பு 1761-ஆம் ஆண்டு ஜூன் 6-இல் நிகழவிருந்தது. தாம் காண இயலாத ஒரு நாளுக்காக அடுத்த தலைமுறைக்கு வழி சொல்லிவைத்த அவர் சொல்லை ஐரோப்பிய நாடுகள் தட்டவில்லை. லெ ழான்தியின் ஆசிரியர் தெலில் உலகப் படமொன்றை வரைந்து, எந்தெந்த ஊரிலிருந்து காண்பது நலம் எனக் குறித்து அனுப்பினார். சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்கு ஷாப் என்பவர் செல்வது எனவும், புதுச்சேரிக்கு லெ ழான்தி செல்வது எனவும் முடிவாயிற்று.

முதற் பயணம்

1760-ஆம் ஆண்டு மார்ச் 26-இல் லெ ழான்தி கப்பலேறினார். ஜூலையில் மொரீசியசு தீவை அடைந்தார். அங்கு அவரை எதிர்கொண்டது போர்ச் செய்தி. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த ஏழாண்டுப் போர் நம் சோழமண்டலக் கரை வரை பரவியிருந்தது. புதுச்சேரி முற்றுகைக்கு உள்ளாகியிருந்தது. வயிற்றுக்கடுப்பு நோயால் நலிந்த நிலையில் பல மாதங்கள் காத்திருந்து, 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம்பெற்றுப் புறப்பட்டார். பருவக் காற்று ஒத்துழைக்காமல் கப்பல் அலைந்து திரிந்தது. மே 24-இல் மலையாளக் கரையில் மாகேயை நெருங்கியபோது, மாகேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாகிவிட்ட செய்தி கிடைத்தது. உண்மையில் புதுச்சேரி ஜனவரியிலேயே வீழ்ந்திருந்தது. நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே ஜனவரித் திங்களில்தான். கப்பல் திரும்பிற்று.

ஜூன் 6 வந்தது. வானம் தெளிந்திருந்தது. லெ ழான்தியோ நடுக்கடலில் இருந்தார். சூரியனின்மீது வெள்ளி ஊர்ந்து சென்றதை அவர் கப்பல் தளத்திலிருந்து கண்டார்; நேரத்தையும் குறித்தார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஒழுங்காக ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் நெடுங்கோட்டையும் திட்டமாக அறிய முடியாது. ஆகவே தாம் எடுத்த அளவு கணக்கில் சேர்க்கத் தக்கதன்று என அவரே தீர்மானித்தார். இந்நிகழ்ச்சி நாம் ஊன்றி நோக்கத் தக்கது. ஆயிரம் காதம் கடந்து வந்தவர், கண்ணால் கண்டவர், கண்டது அளவையாகாது என்று தம் உழைப்பைத் தாமே தள்ளினார். தனக்குப் பயன் தரும் சான்றையும் தகுதியில்லை எனில் விலக்குவதே அறிவியலாரின் முதல் ஒழுக்கம்.

அதே நாளில் சென்னையில் ஆளுநர் பிகட்டின் இல்லத்திலிருந்து ஹிர்ஸ்ட் என்னும் பாதிரியார் இக்கடப்பைக் கண்டு குறிப்பெழுதினார். உடனிருந்து கண்டவர்களுள் பிகட்டும் ஒருவர். புதுச்சேரிக் கோட்டையை இடிக்கச் செய்தவரும் இவரே. ஒரே மனிதர் ஒரு கையால் நகரை அழித்து மறு கையால் வானைத் துலக்கிய விந்தையை வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

எட்டாண்டுக் காத்திருப்பு

அடுத்த கடப்பு 1769-இல் நிகழும். அதன்பின் 1874 வரை இல்லை. ஊர் திரும்பி மறுபடி வருவதைவிட இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிடுவது மேல் என லெ ழான்தி துணிந்தார். இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. மடகாசுகர் முதலிய தீவுகளின் கரைகளை அளந்தார். காற்றின் போக்கையும் கடலின் ஓதத்தையும் குறித்தார். அங்குள்ள மக்களின் வாழ்க்கை முறைகளை எழுதிவைத்தார். 1766-இல் மணிலா சென்று அங்கிருந்து கடப்பைக் காண ஆயத்தம் செய்தார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவருடைய ஆவணங்களின்மீது ஐயம் கொண்டார். பிரெஞ்சு அறிவியல் கழகமும் அவர் புதுச்சேரியில் இருப்பதையே விரும்பிற்று. அதற்குள் உடன்படிக்கையின்படி நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. 1768-ஆம் ஆண்டு மார்ச் 27-இல் லெ ழான்தி புதுச்சேரியில் வந்திறங்கினார்.

ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் அவரை அன்புடன் வரவேற்றார். இடிந்த கோட்டையின் எஞ்சிய உறுதியான கட்டுமானத்தின்மீது வானாய்வுக் கூடம் அமைத்துக் கொடுத்தார். அதன் அடியில் இருந்த நிலவறையில் வெடிமருந்து சேமிக்கப்பட்டிருந்தது. நேற்றுவரை பகைவராய் இருந்த சென்னை ஆங்கிலேயரும் நல்லதொரு தொலைநோக்கியை அவருக்கு அனுப்பி உதவினர். லெ ழான்தி உடனே தொழிலில் இறங்கினார். கடப்பின் நேரத்தைக் குறிப்பதற்கு முன், குறிப்பவர் நிற்கும் இடத்தைப் பிழையின்றி அறிய வேண்டும். ஆகவே வியாழனின் துணைக்கோள்களையும் கிரகணங்களையும் மாதக்கணக்கில் நோக்கிப் புதுச்சேரியின் நெடுங்கோட்டைக் கணித்தார். அடிவானத்தருகே ஒளி வளைவதையும் ஆராய்ந்தார். ஒரு காலைப் பொழுதின் சில நிமிடங்களுக்காக ஓராண்டுக்கு மேற்பட்ட ஆயத்தம்!

சோழிகளும் வாக்கியங்களும்

இக்காத்திருப்பில்தான், லெ ழான்தியின் பெயரைத் தமிழர் மறவாதிருக்கச் செய்யும் பணி நிகழ்ந்தது. வானை நோக்க வந்த அவர், வானை நோக்கும் தமிழரையும் நோக்கத் தொடங்கினார். இங்குள்ள கணிதர்கள் தூவலும் தாளும் இன்றி, சோழிகளைப் பரப்பி நகர்த்தியே கிரகணத்தைக் கணிப்பதைக் கண்டு வியந்தார். கணக்குக்கு வேண்டிய எண்கள் யாவும் அவர்களுக்கு மனப்பாடமாக இருந்தன. எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தந்து, எண்களைச் சொற்களாகவும் தொடர்களாகவும் ஆக்கிவைக்கும் முறை அது. சந்திரனின் இயக்கத்தை 248 வாக்கியங்களில் அடக்கிய அம்மரபே இன்றும் நம் வீடுகளில் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடித்தளம்.

லெ ழான்தி அம்முறையைக் கற்க விரும்பினார். தமிழர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் ஒருவர் நம் ஊர்க் கணிதர் முன் பாடம் கேட்ட காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். கற்றதோடு அவர் நிற்கவில்லை, சோதித்தும் பார்த்தார். 1765-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழ் முறைப்படி கணித்தபோது, கிரகணம் நீடித்த காலம் உண்மையினும் 41 நொடியே குறைவாக வந்தது. அக்கால ஐரோப்பாவில் மிகச் சிறந்ததாகப் போற்றப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணையோ 68 நொடி கூடுதலாகக் காட்டியது. இம்முடிவை மறைக்காமல் அவர் வெளியிட்டார்.

இதனைக் கேட்டதும் நம் நெஞ்சு பூரிப்பது இயல்பே. ஆயினும் இங்கும் அறிவியல் ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது. ஒரு கிரகணத்தில் பெற்ற வெற்றி முறை முழுமைக்கும் சான்றாகாது. 1825-இல், அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த வாரன் என்னும் அறிஞர் இதே சோழிக் கணிதத்தை வேறொரு சந்திர கிரகணத்தில் சோதித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டன. முதற் சோதனையை மட்டும் சொல்லி இரண்டாவதை மறைப்பவர் தமிழுக்குத் தொண்டு செய்பவராகார்; இரண்டாவதை மட்டும் சொல்லி முதலாவதை மறைப்பவரும் நடுநிலையாளராகார். இரண்டையும் அருகருகே வைக்கும்போதே அம்மரபின் ஆற்றலும் எல்லையும் விளங்குகின்றன. நூற்றாண்டுகளாகத் திருத்தப்படாத எண்களைக் கொண்டு, நினைவாற்றல் ஒன்றையே துணையாகக் கொண்ட கணிதர் இத்துணை நெருங்கியது வியப்பு. அவ்வெண்களை வானோடு ஒப்பிட்டுத் திருத்தும் வழக்கம் தளர்ந்துபோனதே குறை.

லெ ழான்திக்கும் குறை உண்டு. தம் ஆசிரியரான தமிழர் காரணம் அறியாமல் விதியை மட்டும் கையாள்கிறார் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அவ்விதியை முதலில் கண்டவர்கள் காரணம் அறிந்தே கண்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்க அக்கால ஐரோப்பியப் பெருமிதம் எளிதில் இடம் தரவில்லை. எனினும், பிறர் எவ்வாறு அறிகின்றனர் என்பதையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது அவருடைய சிறப்பு. அவர் எழுதிய செய்திகளே பின்னர்ப் பாயி என்னும் பிரெஞ்சு அறிஞர் 1787-இல் இந்திய வானியல் வரலாற்றை எழுத ஊன்றுகோலாயின. அறிவியலையே ஆராயும் அறிவியல், நம் ஊரில் சோழிகளின் முன்னே தொடங்கிற்று எனலாம்.

வீராம்பட்டினத்தருகே கண்ட கருங்கல் திருவுருவம் ஒன்றைப் பற்றியும் அவர் எழுதினார். அதனைப் புத்தருடையது எனக் கொண்டார். அப்பகுதியை அடுத்த அரிக்கமேடு என்னும் பெயர் அருகன்மேடு என்பதன் திரிபாகலாம் என அறிஞர் சிலர் கருதுவர். அருகன் என்னும் பெயர் நம் செவிக்கு எத்துணை இனியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தக் காலைப் பொழுது

1769 மே மாதம் முழுவதும் புதுச்சேரியின் காலைகள் தெளிவாக இருந்தன. ஜூன் 3 மாலையில்கூட ஆளுநரும் லெ ழான்தியும் தொலைநோக்கி வழியே வியாழனின் துணைக்கோள்களைக் கண்டு மகிழ்ந்தனர். நள்ளிரவு கடந்து கண்விழித்த லெ ழான்தி வானம் முழுவதும் மேகம் மூடியிருக்கக் கண்டார். விடியற்காலையில் காற்று வீசத் தொடங்கியபோது மேகம் கலையும் என நம்பினார். காற்று சூறையாக மாறி மேகத்தை மேலும் திரட்டிக்கொண்டு வந்தது. சூரியன் எழுந்த பின்னும் அதன் முகம் தெரியவில்லை. வெள்ளி சூரிய வட்டத்தை விட்டு நீங்கும் கணம் காலை ஏழு மணியளவில் கடந்து போயிற்று. அதன்பின் மேகம் விலகியது. அன்று பகல் முழுவதும் சூரியன் ஒளிவிட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் அவர் ஆயத்தம் செய்துவைத்த மணிலாவில், அவருடைய நண்பர்கள் தெளிந்த வானில் அக்காட்சியைக் கண்டனர்.

இரண்டு வாரத்துக்கு மேல் அவரால் எழுதுகோலை எடுக்க இயலவில்லை. பின்பு எடுத்தார். எடுத்தவர் எழுதியது என்ன? மேகம் மூடியது, காணவில்லை என்று எழுதினார். ஒரு நொடி வெள்ளியைக் கண்டதாகவோ, மேகத்தின் இடைவெளியில் நேரத்தைக் குறித்ததாகவோ ஒரு சொல் சேர்க்கவில்லை. அவரை மறுக்க அங்கு வேறு வானியலார் இல்லை. பிற ஊர் அளவுகளைக் கொண்டு பொருத்தமானதோர் எண்ணைக் கணித்து எழுதிவிடும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. ஒன்பதாண்டு உழைப்பு அவ்வொரு பொய்க்காக ஏங்கியிருக்கும். அவர் எழுதவில்லை.

அவ்வாறு எழுதியதாக ஐயத்துக்கு உள்ளானவர் ஒருவர் உண்டு. அதே கடப்பை நார்வேயின் வடகோடியில் இருந்து கண்ட மாக்சிமிலியன் ஹெல் தம் அளவுகளை வெளியிடக் காலம் தாழ்த்தினார். அவர் மற்றவர் அளவுகளைப் பார்த்துத் தம் ஏட்டைத் திருத்தினார் என்ற பழி எழுந்தது. 1835-இல் லிட்ரோ என்பவர் அவர் கையெழுத்துப் படியை ஆராய்ந்து, வேறு நிற மையால் திருத்தியிருப்பதாகக் கூறினார். 1883-இல் அமெரிக்க வானியலார் சைமன் நியூகோம் அதே படியை மீண்டும் ஆராய்ந்து பழியைத் துடைத்தார். நிறத்தைக் காட்டிக் குற்றம் சாட்டிய லிட்ரோ நிறக்குருடர் என்பதும் அப்போது தெரியவந்தது. நூறாண்டு கழிந்தும் மூல ஏட்டைத் திறந்து பார்த்து நீதி வழங்க முடிந்ததற்குக் காரணம், அவ்வேடு அழிக்கப்படாமல் காக்கப்பட்டிருந்ததே. அறிவியலில் தீர்ப்பு எதுவும் மறு ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று.

திரும்பியவரும் திரும்பாதவரும்

தொபோல்ஸ்க் சென்று முதற் கடப்பைக் கண்ட ஷாப், இரண்டாம் கடப்புக்காகக் கலிபோர்னியா சென்றார். தெளிந்த வானில் கண்டார். சில வாரங்களில் கொள்ளைநோயால் அங்கேயே உயிர் நீத்தார். அவர் குறிப்புகள் மட்டும் பாரிசு சேர்ந்தன. கண்டவர் திரும்பவில்லை, காணாதவர் திரும்பினார்.

அத்திரும்புதலும் எளிதாக அமையவில்லை. 1770 மார்ச்சில் நோயுற்ற உடலோடு புதுச்சேரியை நீங்கிய லெ ழான்தி, மொரீசியசிலிருந்து புறப்பட்ட கப்பல் புயலில் சிதைந்து அத்தீவுக்கே மீண்டதால் மீண்டும் காத்திருந்தார். ஸ்பானியக் கப்பலொன்றில் இடம்பெற்றுக் காடிசு துறைமுகம் சேர்ந்து, தரைவழியாக 1771 அக்டோபர் 8-இல் பிரான்சு மண்ணை மிதித்தார். பதினோராண்டு, ஆறு மாதம், பதின்மூன்று நாள் கழிந்திருந்தன. ஊரில் அவர் இறந்துவிட்டதாகவே கொண்டிருந்தனர். உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவர் வகித்த இடம் பிறருக்குப் போயிருந்தது. தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வழக்காட வேண்டியதாயிற்று.

இத்தனைக்குப் பின்னும் அவர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. கழகம் அவரை மீண்டும் ஏற்றது. திருமணம் செய்துகொண்டு, ஒரு மகளுக்குத் தந்தையாகி, வானாய்வு நிலையத்திலேயே வாழ்ந்தார். 1779-இலும் 1781-இலும் இரு பெருந்தொகுதிகளாகத் தம் இந்தியக் கடற்பயண நூலை வெளியிட்டார். தமிழரின் வானியல், பருவக்காற்று, ஊர்கள், கோயில்கள், பழக்க வழக்கங்கள் பலவும் அதில் இடம்பெற்றன. 1792 அக்டோபர் 22-இல் மறைந்தார். சந்திரனின் தென் விளிம்பருகே உள்ள பள்ளமொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

பல நோக்கில் ஒரு வாய்மை

லெ ழான்தி காணாதபோதும் சூரியனின் தொலைவு காணப்பட்டது. இரு கடப்புகளையும் உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர் நோக்கியிருந்தனர். அவர்களின் அளவுகள் ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகவில்லை. வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் கணத்தில் இரண்டுக்கும் இடையே மைத்துளி போன்றதொரு கருமை ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரே இடத்தில் அருகருகே நின்றவர்களும் அக்கணத்தைச் சில நொடி வேறுபாட்டுடன் குறித்தனர். அவர்களுள் எவரும் பொய்யர் அல்லர். எவரும் முழு உண்மையைக் கண்டவரும் அல்லர். 1771-இல் லலாந்து என்னும் வானியலார் இவ்வளவுகளைத் தொகுத்துச் சூரியன் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது எனக் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த தொலைவு 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர். கப்பலும் தொலைநோக்கியும் ஊசல் கடிகாரமும் கொண்டு இத்துணை நெருங்கியது மனித ஒற்றுமையின் வெற்றி.

இங்கேதான் நம் ஆன்றோர் வகுத்த அநேகாந்தம் நினைவுக்கு வருகிறது. பொருள் எண்ணற்ற தன்மைகளை உடையது, ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நோக்கில் அறிவது அதன் ஒரு கூறு, அந்நோக்கே நயம். தன் நயத்தை மட்டும் முழுமையென வற்புறுத்துவது ஏகாந்தம். அதனால் எதைச் சொல்லினும், இந்நோக்கில் இவ்வாறு என்னும் வரம்போடு சொல்லுதல் சியாத்வாதம். கடப்பை நோக்கிய ஒவ்வோர் அறிஞரும் தம் ஊரையும் தம் கருவியையும் தம் கடிகாரத்தின் பிழையையும் முதலில் எழுதி, அதன்பின்னரே தாம் கண்டதை எழுதினர். சியாத் என்னும் சொல்லை அறியாமலே அவர்கள் சியாத்வாதிகளாக நடந்தனர்.

இவ்வொப்புமை வெறும் பற்றினால் கூறப்படுவதன்று. இந்தியப் புள்ளியியலின் தந்தை மகலனோபிஸ் 1954-இல் புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி எழுதியபோது சியாத்வாதத்தை அதனோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். உயிரியல் அறிஞர் ஹால்டேன் 1957-இல் சியாத்வாதத்தின் எழுவகைக் கூற்றுமுறையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இருவரும் சமணர் அல்லர். தம் தொழிலில் நாள்தோறும் சந்தித்த ஐயப்பாட்டுக்கு ஒழுங்கான மொழியைத் தேடியவர்கள்.

இக்கொள்கை நம் நூல்களுக்கும் பொருந்தும் என்பதை நாம் மறத்தலாகாது. சூரியப் பிரஞ்ஞப்தி முதலிய நம் பண்டை நூல்கள் ஜம்புத்தீவில் இரண்டு சூரியரும் இரண்டு சந்திரரும் உலவுவதாகக் கணக்கிட்டன. அந்நூலாசிரியர் காலத்தில் கண்ணுக்கு எட்டிய அளவில், இரவு பகலின் ஒழுங்கை எண்ணால் அளக்க எடுத்த பெருமுயற்சி அது. அதனை இன்று பள்ளிப் பாடத்தோடு மோதவிட வேண்டியதில்லை. கண்டு நாணி மறைக்கவும் வேண்டியதில்லை. அளக்க வேண்டும் என்ற அவர்களின் வேட்கையைப் போற்றி, அளவையைத் திருத்திய பின்னோரின் உழைப்பையும் ஏற்பதே அநேகாந்தத்தைப் பின்பற்றுவோர்க்கு அழகு. சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1874-ஆம் ஆண்டுக் கடப்பை விளக்கி வெளியிட்ட சிறுநூல் இதற்கு நல்ல வழிகாட்டி. பழைய சித்தாந்தமும் புதிய வானியலும் ஒன்றையொன்று வினவிக்கொள்ளும் உரையாடலாக அதனை அவர் அமைத்தார்.

2004-ஆம் ஆண்டு ஜூன் 8-இல் வெள்ளி மீண்டும் சூரியனைக் கடந்தது. நம் நாட்டில் அது முற்பகல் முதல் மாலை வரை நிகழ்ந்தது. 2012-ஆம் ஆண்டு ஜூன் 6-இல் சூரியன் எழும்போதே வெள்ளி அதன்மீது ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த கடப்பு 2117-ஆம் ஆண்டு டிசம்பரில்தான். இம்மலரைப் படிக்கும் பெரியோர் எவரும் அதைக் காணப் போவதில்லை. ஹாலியும் தாம் குறித்த கடப்பைக் காணவில்லை. வருங்காலத்தார்க்கு நாம் விட்டுச்செல்லத் தக்கது, கண்டதைக் கண்டதாகவும் காணாததைக் காணாததாகவும் எழுதிய ஏடு. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைப் போற்றும் நாம், நம் பிள்ளைகளின் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் விடை சரியாக வரவேண்டும் என்பதற்காக எண்ணை மாற்றி எழுதுவதைக் காணும்போது, கோட்டை இடிபாட்டின்மீது மேகம் மூடியது என்று எழுதிய அப்பெரியாரின் கதையை அவர்களுக்குச் சொல்வோமாக.